தறியைத் தேடிய கதை

நம் சங்க நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் தடித்த அட்டையிட்ட ஆறு நூல்கள் நிற்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் அவை. மற்ற நான்கும் எங்கே எனில், இரவல் பதிவேட்டில் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குரியவர்களோ மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் எங்கெங்கோ சென்றுவிட்டனர். ரயில்வே ஊர்களில் இது வழக்கமே.

சென்ற பொங்கல் விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி நூலகத்துக்கு வந்தாள். பேச்சுப் போட்டியின் தலைப்பு "எங்கள் ஊர்த் தொழில்" என்பது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் நாகபுரியிலேயே. ஆயினும் பாட்டியின் ஊர் திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன அவ்வூரில் பாட்டனார் தறி நெய்தவர். ஆகவே கைத்தறியைப் பற்றிப் பேச விரும்பினாள். ககர வரிசைத் தொகுதியோ காணாமற்போன நான்கில் ஒன்று. வெறுங்கையுடன் அவளை அனுப்ப மனமின்றி, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா அம்மா, ஏதேனும் வழி செய்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம்.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற நாங்கள் செய்த முயற்சியும், அதில் அடைந்த அவமானமும், பின்னர்க் கண்ட தெளிவுமே இக்கட்டுரை. வேறு ஊர்களில் உள்ள நம் சங்கங்களும் குடும்பங்களும் இதனைச் செய்து பார்க்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விக்கி என்பது யாது?

படிப்பவர் எவரும் அங்கேயே திருத்தவும் எழுதவும் கூடிய பக்கங்களின் தொகுதிக்கு விக்கி என்று பெயர். 1995-ஆம் ஆண்டு அமெரிக்கராகிய வார்டு கன்னிங்காம் என்பவர் இம்முறையை முதன்முதல் ஏற்படுத்தினார். ஹவாய்த் தீவின் மொழியில் "விக்கி" என்றால் விரைவு என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரைக் கண்டு அவர் இச்சொல்லை எடுத்துக்கொண்டாராம். இம்முறையைக் கொண்டு 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பெற்ற கலைக்களஞ்சியமே விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் தோன்றியது.

அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து, கட்டடக் கலைஞராகி, அரபு நாட்டில் பணிபுரிந்த இ. மயூரநாதன் அவர்கள். வேலை நிமித்தம் தாய்நிலம் விட்டுச் சென்ற ஒருவர், ஓய்வு நேரத்தில் அமர்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தமிழில் எழுதினார் என்பது நம்போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. அத்தனையும் இலவசம். அது மட்டுமன்று, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமையைப் பிறர்க்கும் அளித்தால், யார் வேண்டுமானாலும் படி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமமும் உண்டு.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது படி எடுத்து வைப்பானேன் என்று சிலர் கேட்டனர். நம் நூலகம் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கு அலைவரிசை எட்டுவதில்லை. மேலும், கைப்பேசியைக் குழந்தை கையில் கொடுத்தால், தேடப் போனது ஒன்றும் பார்த்து நின்றது வேறொன்றுமாக முடிகிறது. நூலகத்தில் ஒரு பழைய கணினி தூசு படிந்து கிடந்தது. இணையம் இல்லாமலே அதில் முழுக் கலைக்களஞ்சியத்தையும் இறக்கி வைத்துவிட்டால், காணாமற்போன நான்கு தொகுதிகளுக்கு ஓரளவு ஈடாகுமன்றோ?

சரக்கு வந்து சேர்ந்தது

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையினர், ஒவ்வொரு மொழியின் களஞ்சியத்தையும் குறித்த இடைவெளியில் ஒரே மூட்டையாகக் கட்டிப் பொதுமக்களுக்கு வைக்கின்றனர். தமிழ் மூட்டை, சுருக்கிய நிலையில் சில நூறு மெகாபைட்டு அளவே. சுருக்கத்தை விரித்தால் பன்மடங்காகப் பெருகும். "பிசிப் 2" என்னும் முறையில் சுருக்கப்பட்ட இக்கோப்பை, சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், பொறியியற் கல்லூரி மாணவர், தம் இல்லத்து இணைப்பில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தார்.

முதல் முறை கொண்டுவந்த கோப்பு பாதியில் நின்றுவிட்டது. இடையில் இணைப்பு அறுந்ததை அவர் கவனிக்கவில்லை. ரயில்வேயில் பார்சல் கையாண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. அனுப்பிய இடத்து எடையும் வந்த இடத்து எடையும் ஒத்திருந்தாலன்றிக் கையெழுத்திடலாகாது. இங்கும் அவ்வாறே ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூட்டையோடு "எம்டி 5" என்னும் 32 குறிகள் கொண்ட சரிபார்ப்புக் கோவையையும் அவர்கள் வெளியிடுகின்றனர். நம் கணினியில் அதற்குரிய கட்டளையைத் தட்டினால், நம்மிடம் உள்ள கோப்புக்கு அது ஒரு கோவையைக் கணக்கிட்டுத் தரும். இரண்டும் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தால் சரக்கு முழுமை. ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் இறக்கவேண்டும். இரண்டாம் முறை ஒத்தது.

இங்கே "கட்டளை" என்றதை விளக்கவேண்டும். நாம் வழக்கமாகக் கணினியில் படங்களைத் தொட்டும் சொடுக்கியும் வேலை வாங்குகிறோம். அதற்கு முற்பட்ட முறை, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டெழுதிச் செய்யச் சொல்வது. கருவியின் பெயர், எந்தக் கோப்பு, எப்படிச் செய்யவேண்டும் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதி நுழைவு விசையை அழுத்தினால் முடிந்தது. பார்வைக்கு அச்சமூட்டும். உண்மையில் இது பழைய தந்திக் குறிப்பைப் போன்றதே: சொற்கள் சில, பொருள் தெளிவு, பிழையெழுதினால் மட்டும் வேலை நடவாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. செய்த கட்டளைகளை ஒரு தாளில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வேறொருவர் அப்படியே திரும்பச் செய்யலாம். நாங்கள் அவ்வாறே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.

உமி நீக்கல்

வந்த மூட்டையில் உள்ளது நேராகப் படிக்கும் உரையன்று. ஒரு கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்குமிடத்தில் இரட்டைச் சதுர அடைப்பு. தகவற்பெட்டி, வார்ப்புரு ஆகியவற்றுக்கு இரட்டை நெளிவு அடைப்பு. மேற்கோள்களுக்கு வேறு குறிகள். இவை எல்லாம் உமியும் தவிடும்போல் கலந்திருக்கும். இவற்றை நீக்கி அரிசியை மட்டும் எடுக்க "விக்கி எக்ஸ்ட்ராக்டர்" என்றொரு கருவி உண்டு. பைதான் மொழியில் எழுதப்பட்டது. இதுவும் ஒரு வரிக் கட்டளையில் இயங்குவதே. கட்டுரையின் எண், தலைப்பு, தூய உரை ஆகியவற்றைச் சிறு சிறு கோப்புகளாகப் பிரித்து அடுக்கிவிடும். பழைய கணினியாதலால் எங்களுக்குத் தேநீர் இருமுறை வந்து போகும்வரை நேரம் பிடித்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விரைவாக முடியவேண்டுமென்று வார்ப்புருக்களை விரிக்காமல் விடும்படி கட்டளையிட்டோம். அதனால் சில இடங்களில் உமியோடு அரிசியும் போயிற்று. ஒரு மலையின் உயரத்தை மீட்டரிலும் அடியிலும் காட்டும் எண் வார்ப்புருவுக்குள் இருந்தால், அந்த எண்ணே உரையிலிருந்து மறைந்துவிடும். "உயரம் ஆகும்" என்று வாக்கியம் மட்டும் நிற்கும். தகவற்பெட்டியில் உள்ள பரப்பளவு, மக்கள்தொகை முதலியனவும் அவ்வாறே. ஆகவே எண்களுக்கு இப்படியை நம்புவதில்லை என்று மேசையின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

களஞ்சியத்தில் கட்டுரையல்லாத பக்கங்களும் உண்டு. "வழிமாற்று" என்பது அவற்றுள் பயனுள்ளது. திருச்சி என்று தேடுவோரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்புவது போல, ஒரு பெயரிலிருந்து மற்றொரு பெயருக்கு வழிகாட்டுவது அது. இவற்றைத் தவிடென்று எண்ணி எறிந்துவிடாமல் தனியே ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டோம். பேச்சு வழக்கிற் பெயர் சொல்லும் பெரியவர்களுக்கு இப்பட்டியலே பேருதவி செய்கிறது.

பின்னட்டவணை

உரை கிடைத்துவிட்டது, இனித் தேடவேண்டும். முதலில் "கிரெப்" என்னும் பழம்பெருங் கருவியை எடுத்தோம். கென் தாம்சன் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் எழுதியது. இன்றும் உலகெங்கும் உழைக்கிறது. ஆயினும் அது பாசஞ்சர் வண்டியைப் போன்றது. முதற்கோப்பிலிருந்து கடைசிக் கோப்புவரை ஒவ்வொரு நிலையத்திலும் நின்று பார்த்தே வரும். ஒவ்வொரு கேள்விக்கும் முழுத்தூரமும் ஓடவேண்டும். பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்கும் நூலகத்துக்கு இது உதவாது.

ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு நிலையம் ஒன்றுக்குச் செல்லும் வண்டியை அறிய, முதற்பக்கத்திலிருந்து எவரேனும் படிப்பதுண்டோ? அகரவரிசையில் நிலையங்களின் பெயரும், பெயருக்கெதிரே அட்டவணை எண்களும் அச்சிட்ட பக்கங்கள் அதில் இருக்கும். அங்கே பெயரைப் பார்த்து, எண்ணைப் பிடித்து, நேரே உரிய பக்கத்தைப் புரட்டுகிறோம். கணினித் தேடலின் அடிப்படையும் இதுவே. ஒன்றரை இலட்சம் கட்டுரைகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அச்சொல் வரும் கட்டுரைகளின் எண்களை அதற்கெதிரே எழுதிவைப்பது. ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு எந்தச் சொல்லைக் கேட்டாலும் கண்ணிமைப்பொழுதில் விடை வரும்.

இவ்வட்டவணையை அமைக்க "எஸ்கியூலைட்" என்னும் தரவுத்தளக் கருவியைத் தெரிந்தெடுத்தோம். ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது, விலையில்லை, எவர்க்கும் பொது. நம் கைப்பேசிகளுக்குள்ளும் இதுவே ஓசையின்றி உழைத்துக்கொண்டிருக்கிறது. இதில் முழு உரையைத் தேடுவதற்கென்றே "எஃப்டிஎஸ் 5" என்ற பகுதி 2015-இல் சேர்க்கப்பெற்றது. கட்டளைத் திரையில் சில வரிகள் எழுதிக் கட்டுரைகளை உள்ளே ஏற்றினோம். வெற்றி என்று நினைத்துச் சனிக்கிழமை இரவு வீடு திரும்பினோம்.

பால் கேட்டால் புலி வந்தது

ஞாயிறு காலை சிறுமி வந்தாள். பாட்டியும் உடன் வந்திருந்தார். சங்கத்துப் பெரியவர்கள் நால்வர் வேடிக்கை பார்க்க நின்றனர். அவளே தட்டெழுதினாள்: "தறி." வந்து குவிந்தன கட்டுரைகள், ஆயிரக்கணக்கில்! ஒன்றிலும் தறி இல்லை. திரைப்படம், அணைக்கட்டு, அரசியற்கட்சி, ஏதோ ஓர் ஐரோப்பிய நகரம். "நூல்" என்று தேடினாள். நெல்லும் நிலாவும் வந்தன. பெரியவர் ஒருவர் சோதிப்பதற்காகப் "பால்" என்று எழுதச் சொன்னார். புலியைப் பற்றிய கட்டுரை வந்து நின்றது. சிரிப்பலை எழுந்தது.

அச்சிரிப்பு எங்களைச் சுடவில்லை. சிறுமி சொன்னதே சுட்டது. "பரவாயில்லை மாமா. தமிழில் தேடினால் இப்படித்தான் வரும்போலிருக்கிறது. ஆங்கிலத்திலேயே தேடிக்கொள்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை, மழை வந்தால் குடை எடுப்பதைப்போல் இயல்பாகச் சொன்னாள். பெரியவர் ஒருவரும், "தம்பி, கணினி வெள்ளைக்காரன் எழுத்துக்குச் செய்தது. நம் எழுத்து அதற்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள்" என்றார். பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பிள்ளைகள் தமிழை விட்டு விலகுவது ஏதோ பெருங் கொள்கையால் அன்று. இத்தகைய சிறு சிறு ஏமாற்றங்களாலேயே என்பதை அன்று உணர்ந்தோம். ஒருமுறை கேட்டு விடை வராவிட்டால் அம்மொழியில் மறுமுறை கேட்பதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று அறியாமலே, பழுது மொழியினுடையது என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆகவே, பழுது எங்கே என்று கண்டாக வேண்டும் என்று உறுதிகொண்டோம்.

புள்ளிக்கும் இடம் வேண்டும்

அன்று மாலையே மாணவரும் நாங்களும் அமர்ந்து கருவியின் கையேட்டைப் பொறுமையுடன் படித்தோம். முன்னரே படித்திருக்க வேண்டியது. காரணம் அதில் தெளிவாகவே இருந்தது.

உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்த யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் எழுத்துகளோ 247. ஆகையால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. "க" என்ற எழுத்துக்கு ஓர் எண். காலுக்கு ஓர் எண். கொம்புக்கு ஓர் எண். புள்ளிக்கும் ஓர் எண். "தறி" என்பது கண்ணுக்கு இரண்டெழுத்து. கணினிக்குள் அது மூன்று: த, ற, பின்பு இகரத்தின் மேல்விலங்கு. புள்ளியும் அப்படியே; "ற்" என்பது உள்ளே ற, அதன்பின் புள்ளி.

இனி, ஒருங்குறியினர் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகையும் குறித்துள்ளனர். எழுத்துகள் "எல்" வகை. எண்கள் "என்" வகை. எழுத்தைச் சார்ந்து வரும் குறிகள் "எம்" வகை. நம் கால், கொம்பு, விலங்கு, புள்ளி யாவும் மூன்றாம் வகை. தேடற்கருவியோ, வேறு சொல்லாவிட்டால், முதலிரண்டு வகைகளையே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும். மற்றவற்றைக் காற்புள்ளி, இடைவெளி ஆகியவற்றைப்போல் சொல்லைப் பிரிக்கும் வேலியாக எண்ணி ஒதுக்கிவிடும்.

விளைவைப் பாருங்கள். "தறி" என்பதில் விலங்கு கழன்று "தற" என்று நின்றது. "தற்போது" என்பதில் புள்ளி கழன்று அதுவும் "தற" என்றே தொடங்கியது. "தற்போது" என்ற சொல் வராத கட்டுரைதான் எத்தனை? அவை அனைத்தும் தறிக்கு விடையாக வந்து குவிந்தன. "பால்" என்பதில் காலும் புள்ளியும் போய் ப, ல என இரு துண்டுகள். "புலி" என்பதிலும் அதே ப, ல. "நூல்", "நெல்", "நிலா" மூன்றும் ந, ல. பால் கேட்டவர்க்குப் புலி வந்த மர்மம் இதுவே. நீண்ட சொற்களில் துண்டுகள் பலவாதலால் இக்குழப்பம் அவ்வளவாகத் தெரிவதில்லை. "சின்னாளப்பட்டி" எனத் தேடினால் சரியாகவே வந்திருக்கும். சிறிய சொற்களிலேதான் அகப்பட்டுக்கொண்டோம். அன்றாட வாழ்வின் சொற்களோ பெரும்பாலும் சிறியவையே: பால், நூல், தறி, ஏர்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அந்தப் புள்ளியைக் குப்பையென்று ஒதுக்கிவிட்டு நாம் தமிழைத் தேடினோம்! பழுது மொழியில் இல்லை, கருவியிலும் இல்லை. கேட்கவேண்டிய முறையில் நாம் கேட்கவில்லை. அட்டவணை அமைக்கும் கட்டளையிலேயே, எந்தெந்த வகைகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்ளவேண்டும் என்று குறிப்பிட இடம் வைத்திருக்கின்றனர். அதில் குறிகளுக்குரிய "எம்என்", "எம்சி" என்ற இரு வகைகளையும் சேர்த்தோம். ஒரே வரி மாற்றம். பழைய அட்டவணையை அழித்துப் புதிதாக ஏற்றினோம். "பால்" என்று தேடினோம், பால் வந்தது. புலி தன் காட்டுக்குத் திரும்பிற்று.

வேற்றுமையின் தொல்லை

இத்துடன் எல்லாம் முடிந்ததென எண்ணலாகாது. ஆங்கிலத்தில் ஊரின் பெயர் எங்கும் ஒரே வடிவில் நிற்கும். தமிழிலோ "கும்பகோணம்" என்பது கும்பகோணத்தில், கும்பகோணத்திற்கு, கும்பகோணத்தின் எனப் பலவாறு உருமாறும். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதற்கு எளிய உபாயம், சொல்லின் மாறாத முற்பகுதியை மட்டும் எழுதி இறுதியில் உடுக்குறி இடுவது. "கும்பகோண*" என்றால் அவ்வாறு தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். இம்முறையில் ஒரு நயமும் கண்டோம். "வீட*" என்று எழுதினால் வீடு, வீட்டில், வீடுகள் யாவும் வருகின்றன. ஏனெனில் டு, ட் இரண்டுமே கணினிக்குள் டகரத்திலேயே தொடங்குகின்றன. முன்பு இடராயிருந்த அதே அமைப்பு இங்கு உதவியாயிற்று.

ஆயினும் அளவறிந்து வெட்டவேண்டும். "மரம்" தேடுவோர் "மர*" என்று எழுதினால் மரபும் மரணமும் உடன் வந்துவிடும்.

முற்பகுதித் தேடலுக்கு எட்டாதது கூட்டுச்சொல். "தறி*" என்றால் தறிகள், தறியில் கிடைக்கும்; "கைத்தறி" கிடைக்காது. இதற்காக இரண்டாவது அட்டவணை ஒன்று அமைத்தோம். சொல்லை மும்மூன்று குறிகளாக நறுக்கி எழுதிவைக்கும் முறை அது. அதில் கைத்தறியும் விசைத்தறியும் கிடைத்தன. கூடவே "கதறி" அழுதவர்களும் "பதறி" ஓடியவர்களும் வந்தனர்! ஆகவே முதல் அட்டவணையை முதலிலும், அதில் போதாதபோது இதனையும் பார்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். மூன்று குறிக்குக் குறைந்த சொற்கள் இரண்டாம் அட்டவணையில் அகப்படா. "பூ" தேடுவோர் முதல் அட்டவணைக்கே வரவேண்டும்.

வந்த விடைகளில் எது முதலில் நிற்கவேண்டும் என்பதற்கும் கணக்குண்டு. எங்கும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. இக்கருத்தை 1972-ஆம் ஆண்டிலேயே கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கில அம்மையார் வகுத்துரைத்தார். "தமிழ்நாடு தறி" என்று தேடினால், எங்கும் நிறைந்த தமிழ்நாட்டைக் காட்டிலும் அரிதான தறியே வரிசையைத் தீர்மானிக்கிறது.

வீட்டில் செய்ய விரும்புவோர்க்கு

இத்தனை தொல்லையும் வேண்டாம், படித்தால் மட்டும் போதும் என்போர்க்கு "கிவிக்ஸ்" என்னும் செயலி உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகக் கட்டி, தேடும் வசதியுடன் தருகின்றனர். இறக்கித் திறந்தால் இணையமின்றிப் படிக்கலாம்; ஒரு கணினியில் வைத்துப் பல கைப்பேசிகளில் பார்க்கவும் வழியுண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும். வேர்ச்சொல் வழியாகவும் கூட்டுச்சொல் வழியாகவும் நம் விருப்பப்படி தேடவேண்டும், சங்க மலர்களின் பழைய கட்டுரைகளையும் அதே அட்டவணையில் சேர்க்கவேண்டும் என்போரே மேற்சொன்ன வழியில் இறங்கவேண்டும். நாம் இறங்கியது அந்நோக்கத்தாலேயே.

மூன்று செய்திகளை மறவாதீர்கள். ஒன்று: படி எடுத்த தேதியைத் திரையிலும் எழுதிவையுங்கள். அத்தேதிக்குப் பின் நடந்தது அதில் இராது. இரண்டு: விக்கி எவரும் எழுதுவது, பிழையும் இருக்கும். பிள்ளைகள் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்க்கப் பழகட்டும். மூன்று: கட்டுரையை அச்சிட்டாலோ மலரில் எடுத்தாண்டாலோ, தமிழ் விக்கிப்பீடியா என்று நன்றியுடன் குறிப்பிடுங்கள். அது மரபு மட்டுமன்று, உரிமத்தின் நிபந்தனையும் ஆகும்.

நிற்க, அச்சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். புதன்கிழமை அவள் வீட்டுக்கே ஆள் அனுப்பி அழைத்து வந்தோம். தயக்கத்தோடுதான் வந்தாள். மீண்டும் "தறி" என்று எழுதினாள். இம்முறை தறி வந்தது. பாட்டி அருகே அமர்ந்து, பாவு, ஊடை, நாடா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் தேடிக் குறித்துக்கொண்டாள். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் எழுந்ததையும், அந்நாளையே 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுவதையும், கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935-இல் தோன்றியதையும் தன் பேச்சிற் சேர்த்தாள். போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றாள். பாட்டி சொன்னவற்றுள் சில எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவற்றையும் அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒரு கட்டுரையைப் படிக்கையில், ஒரு சொல்லில் புள்ளி விடுபட்டிருப்பதைக் கண்டு எங்களிடம் காட்டினாள். "நீயே திருத்தலாம் அம்மா" என்றோம். வீட்டுக்குச் சென்று, தந்தையின் கைப்பேசியில் இணைய வழியே அப்பக்கத்தைத் திறந்து, அந்த ஒரு புள்ளியை இட்டாள். மூட்டை மீண்டும் வெளிவந்ததும், நோட்டுப் புத்தகத்தில் உள்ள கட்டளைகளின்படி புதுப் படி இறக்கி அட்டவணையைப் புதுப்பித்தோம். அவள் வந்து அச்சொல்லைத் தேடினாள். அவள் இட்ட புள்ளி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ளவரும் காணும் களஞ்சியத்தின் வழியே, நம் கீழ்த்தளத்து நூலகத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

நூலகம் ஞாயிறுதோறும் காலை திறந்திருக்கும். அன்பர்கள் தம் குழந்தைகளுடனும், முடிந்தால் பாட்டி தாத்தாக்களுடனும் வருக. இரவல் சென்ற அந்த நான்கு தொகுதிகள் எவர் இல்லத்திலேனும் இருந்தால் கொணர்ந்து தருக, அபராதம் கேட்கமாட்டோம்.